வெயிலுகந்தாள் சாலை கேட்ட கதை

ஒரு காட்டில் வெயிலுகந்தாள் என்று ஓர் ஆமை இருந்தாள். காடு என்றதும் ஆலமரம், அருவி, அரியணையில் ஒரு சிங்கம் என்று நீங்களாகக் கற்பனையை ஓடவிட வேண்டாம். இது தேரிக்காடு. தெற்கே, கடலுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு மணல் மேடு. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை, கொஞ்சம் உடைமுள், அவ்வளவுதான். இதற்குக் காடு என்று பேர் வைத்தவனுக்கு நல்ல தைரியம். சிங்கமெல்லாம் இங்கே இரண்டு நாள் தாங்காது.

அந்தத் தேரியில் ஒரு மேடு வெயிலுகந்தாளுக்குச் சொந்தம். வாய்ப்பேச்சுச் சொந்தம் இல்லை, பட்டா இருக்கிறது. எட்டுத் தலைமுறைக்கு முந்திய ஆமை ஒன்று வாங்கியது. ஆமைக்கு ஒரு தலைமுறை என்றால் எத்தனை வருஷம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டாவை மடித்து ஓட்டுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

ஆனி மாதத்தில் மேட்டின் சரிவில் குழி பறித்து ஐந்து முட்டை இட்டாள். மண்ணை மூடி, வயிற்றால் தட்டிச் சமன் செய்தாள். ஐப்பசி மழை விழுந்து மண் இளகினால் குஞ்சுகள் தாமாக மேலே வந்துவிடும். அதுவரைக்கும் கனமான எதுவும் அந்த இடத்தை மிதிக்கக் கூடாது. முட்டையை எடுத்து வேறிடத்தில் வைக்கலாம் என்றால் அதுவும் முடியாது, புரட்டினால் கரு செத்துப்போகும். ஆக, நாலு மாதம் அந்தச் சரிவு சும்மா கிடந்தால் போதும். அவள் இந்த உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகரத்துக் குரங்குகள் வந்து சேர்ந்தன.

பன்னிரண்டு குரங்கு, பன்னிரண்டு நாலு சக்கர பைக். தங்கள் கூட்டத்துக்கு 'செம்மண் சிங்கங்கள்' என்று பேர் வைத்து, அதைப் பனியனிலும் அச்சடித்துப் போட்டிருந்தன. தலைவன் பேர் கிஷோர். தலையில் கவசம், மார்பில் கவசம், முட்டியில் கவசம். வெயிலுகந்தாள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, யாரோ நம் சொந்தக்காரர்தான் வருகிறார் என்று எழுந்து நின்று கும்பிட்டாள். சொந்தக்காரர் மேட்டின் உச்சிக்கு ஏறி, சரிவில் சரசரவென்று இறங்கினார். சக்கரம் முட்டைக் குழிக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று.

"ஏ தம்பி! தம்பி! கொஞ்சம் நில்லுங்க. இது எங்க நிலம். அடியில முட்டை கிடக்கு" என்று வெயிலுகந்தாள் கத்தினாள்.

கிஷோர் நின்றான். ஆனால் இன்ஜினை நிறுத்தவில்லை. "ஆன்ட்டி, இது டெசர்ட். டெசர்ட் எப்படி ஒருத்தருக்குச் சொந்தமா இருக்கும்?"

"பட்டா இருக்கு தம்பி."

"சுத்திப் பாருங்க, ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு எதுக்கு ஆன்ட்டி பட்டா?"

"ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு நீங்க எதுக்குத் தம்பி அம்பது மைல் வண்டி ஓட்டிட்டு வந்திய?"

கிஷோர் அசந்துபோனான். "சூப்பர் ஆன்ட்டி! இதையே இன்னொரு தடவை என் ஹெல்மெட் கேமராவைப் பார்த்துச் சொல்லுங்க."

வெயிலுகந்தாளும், பாவம், சொன்னாள். அந்த வாரமே அது ரீல்ஸில் வந்தது. 'கோபக்கார ஆன்ட்டி' என்று பேர் போட்டு, பின்னால் ஒரு குத்துப்பாட்டையும் சேர்த்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை முப்பது குரங்குகள் வந்தன.

அவள் சும்மா இருக்கவில்லை. 'இது பொதுவழி அல்ல' என்று ஒரு பலகை நட்டு வைத்திருந்தாள். குரங்குகளுக்கு அந்தப் பலகை ரொம்பப் பிடித்துவிட்டது. பந்தயம் எங்கே ஆரம்பிப்பது என்று போன வாரம்தான் அவற்றுக்குள் சண்டை வந்திருந்தது. இப்போது கவலை தீர்ந்தது. முப்பது வண்டியும் பலகைக்கு நேராக வரிசையில் நின்று, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக் கிளம்பின. மூன்றாவதாகப் போன வண்டி முட்டைக் குழியின் மேலேயே ஏறி இறங்கியது.

வெயிலுகந்தாள் ஓடினாள். ஆமை ஓட்டம் என்ன ஓட்டமோ, அதை ஓடினாள். மண்ணில் தலையை வைத்துக் கேட்டாள். உள்ளே என்ன ஆயிற்று என்று யாருக்குத் தெரியும்? தோண்டிப் பார்க்கவும் வழியில்லை.

"நாசமாப் போவிய! நீங்க எல்லாம் விளங்குவியளா!" என்று மண்ணை வாரி இறைத்தாள். குரங்குகள் கையசைத்து டாட்டா காட்டிவிட்டுப் போயின.

பக்கத்து மேட்டில் ஆதிலிங்கம் என்று ஓர் உடும்பு குடியிருந்தான். நல்லவன். நாலு ஆபீஸ் ஏறி இறங்கியவன் என்பதால் யாருக்கு என்ன என்றாலும் யோசனை சொல்ல முதல் ஆளாக வந்து நிற்பான். யோசனையால் விளங்கிய குடும்பம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் அந்தத் தேரியில் படித்தவன் அவன் ஒருவன்தான்.

"அக்கா, இதுக்கெல்லாம் மண்ணை வாரி இறைச்சா ஆவாது. மனு கொடுக்கணும்" என்றான்.

"கொடுத்தா?"

"ஆபீஸர் வந்து பாப்பாவ. ஆனா வாய்ச்சொல்லு எடுபடாது. சாட்சி வேணும். வண்டித் தடம் இருக்குல்லா? அதான் சாட்சி."

இங்கேதான் ஒரு சிக்கல். ஆடி மாதக் காற்றில் தேரி ஒரு நாள் இருந்தது போல மறுநாள் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை விழுந்த தடம் செவ்வாய்க்கிழமை காற்றோடு போய்விடும். ஆபீஸர் என்றைக்கு வருவார் என்று ஆபீஸருக்கே தெரியாது. அதற்கும் ஆதிலிங்கம் வழி சொன்னான்.

"மணல் நகராம இருக்க நம்ம ஆளுங்க பனையோலை நட்டு மறைப்புக் கட்டுவாவல்லா? அதே மாதிரி தடத்துக்கு ரெண்டு பக்கமும் ஓலையைக் கட்டிருங்க. காத்து உள்ள புகாது. தடம் அச்சுக் குலையாம இருக்கும்."

வெயிலுகந்தாள் கட்டினாள். ஓர் ஆமை ஒரு பனையோலையைக் கவ்வி இழுத்துக்கொண்டு மணல் மேடு ஏறுவதை நீங்கள் பார்த்ததில்லை. ஏறுவாள், சறுக்குவாள், மறுபடி ஏறுவாள். மேட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், இரண்டு பக்கமும், மட்டையை ஊன்றி ஓலையைச் சாய்த்துக் கட்டி முடிக்க முப்பத்தொன்பது நாள் ஆயிற்று. தடத்துக்குள் விழுந்த மணலைத் தினமும் காலையில் முன்காலால் தள்ளிச் சுத்தம் செய்தாள். தன் குழந்தைகளின் தலைமேல் ஓடிய சக்கரத்தடத்தை அவளே கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்தாள். திங்கள்கிழமை தோறும் மனுவோடு ஆபீஸுக்குப் போய் வரிசையிலும் நின்றாள்.

ஆவணியில் நில ஆபீஸர் வந்தார். அவர் ஒரு கொக்கு. காத்திருப்பதில் கெட்டிக்காரர், ஆனால் மற்றவர்களைக் காக்க வைப்பதில் இன்னும் கெட்டிக்காரர். தேரி மணலில் ஆபீஸ் ஜீப் இறங்காது. அதனால் மெயின்ரோட்டில் நின்றுகொண்டிருந்தவர், அந்த வழியாக வந்த ஒரு நாலு சக்கர பைக்கைக் கைகாட்டி நிறுத்தி, பின்னால் ஏறி உட்கார்ந்து வந்தார். பைக்கை ஓட்டி வந்தவன் கிஷோர்.

"வழி நல்லா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே கொக்கு இறங்கினார்.

வெயிலுகந்தாளுக்கு அந்த நேரத்தில் சாட்சியைக் காட்டுகிற அவசரம். "ஐயா, தடத்தைப் பாருங்கய்யா. எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க!"

"இருக்கு, இருக்கு. ரெண்டு பக்கமும் ஓலை கட்டினது யாரு?"

"நான்தான்யா."

"தினமும் மணல் தள்ளுறது?"

"அதுவும் நான்தான்யா. ஒரு நாள் தவறினது இல்ல."

கொக்கு ஒற்றைக் காலில் நின்று எழுதிக்கொண்டார். "வண்டி எப்போலேருந்து போகுது?"

"ஆனியிலேருந்துய்யா. வாராவாரம் போகுது. முந்தி பன்னெண்டு, இப்போ அம்பது அறுபது வண்டி."

"அப்போ நல்ல போக்குவரத்துதான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கினார். வந்த வண்டியிலேயே, வந்த வழியிலேயே போனார். வெயிலுகந்தாள் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

பத்தாம் நாள் தபால் வந்தது. ஆதிலிங்கம் வாசித்தான்.

'மனுதாரரின் நிலத்தில் வண்டிப்பாதை ஒன்று நல்ல நிலையில் உள்ளது. மனுதாரரே இருபுறமும் ஓலை கட்டி நாள்தோறும் பராமரித்து வருவதாக வாக்குமூலம் அளித்துக் கையொப்பமிட்டுள்ளார். எனவே மேற்படி பாதை வரைபடத்தில் பொதுப்பாதையாகச் சேர்க்கப்படுகிறது. பாதையின் நடுவே ஆமைக் குழி ஒன்று காணப்படுகிறது. ஆக்கிரமிப்பாளர் முப்பது நாளில் அதை அகற்றிக்கொள்ள வேண்டும். மனு முடித்துவைக்கப்பட்டது.'

"ஆக்கிரமிப்பாளர் யாரு தம்பி?" என்று கேட்டாள் வெயிலுகந்தாள்.

"நீங்கதான் அக்கா."

"நீ சொன்னதைத்தானே செஞ்சேன்?"

"நான் சாட்சி வைக்கத்தான் சொன்னேன். நீங்க சாலையே போட்டுட்டியளே."

வெயிலுகந்தாள் அழுதாள். வாய்விட்டு, ஓட்டுக்கு வெளியே தலையை நீட்டி அழுதாள். ஆதிலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. மனசு கேட்காதபோதெல்லாம் அவனுக்கு ஒரு யோசனை வந்துவிடும்.

"அக்கா, பேசாம அந்த இடத்துல ஒரு கல்லை நட்டு மஞ்சத் துணியைச் சுத்திருவோமா? சாமி மேல வண்டியை ஏத்த எவனுக்குத் தைரியம் வரும்?"

"போடா போக்கத்தவனே. சாமின்னு தெரிஞ்சா ஜில்லாவுல உள்ள புது வண்டி அம்புட்டும் பூசை போட இங்கதான் வரும். சக்கரத்துக்கு அடியில முதல்ல எலுமிச்சம்பழம் நசுங்கும், அப்புறம் என் முட்டை நசுங்கும்."

வெயிலுகந்தாள் மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் உடும்பின் வளைக்கு வந்து கூப்பிட்டாள்.

"தம்பி, அது இப்போ சர்க்கார் பாதைதானே?"

"ஆமா."

"சர்க்கார் பாதைன்னா தார்ச்சாலை கேட்டு மனு கொடுக்கலாமா?"

"அக்கா! வெயிலு மண்டையில ஏறிட்டா?"

"என் நாத்தனா ஊருக்கு ஏழு வருசமா சாலை போடுதாவ. கேட்டியா? அன்னையிலேருந்து அந்த வழியா ஒரு ஈ, காக்கா போகல. ஒரு பெண்ணைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககூட வரல. நீ எழுது."

ஆதிலிங்கம் எழுதினான். 'பொதுமக்கள் பெருவாரியாகப் பயன்படுத்தும் இப்பாதைக்குத் தார்ச்சாலை அமைத்துத் தரும்படி' என்று தொடங்கி இரண்டு பக்கம்.

விஷயம் குரங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சாலை வந்தால் மணல் போச்சு, மணல் போனால் ஞாயிற்றுக்கிழமை போச்சு. செம்மண் சிங்கங்கள் கொதித்தெழுந்தன. மேட்டு உச்சியில் அறுபது பைக்கையும் நிறுத்தி, 'தேரியைக் காப்போம்' என்று பேனர் கட்டி உண்ணாவிரதம் உட்கார்ந்தன. பகல் சாப்பாட்டுக்கு மட்டும் இடைவேளை. கிஷோர் மைக்கைப் பிடித்தான்.

"நண்பர்களே! இது வெறும் மணல் இல்ல! இது நம்ம தாய்! இதுக்கு அடியில எத்தனை உயிர் இருக்குன்னு இந்த அதிகாரிகளுக்குத் தெரியுமா? இந்தச் சரிவுலதான் நட்சத்திர ஆமைகள் முட்டை வைக்கும்! இது மேல ரோடு ரோலரை ஏத்தலாமா?"

கூட்டம் "ஏத்தக் கூடாது!" என்றது. வெயிலுகந்தாள் ஓர் உடைமுள் நிழலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு, இன்ஜின் சத்தத்துக்கு நடுவே முட்டை என்று தான் கத்தியது மட்டும் அவன் காதில் விழவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சத்தத்தில் கேட்டிருக்காது, பாவம் பிள்ளை, என்றுகூட ஒரு நாள் ஆதிலிங்கத்திடம் சொன்னாள். அதுவும் நன்றாகக் கேட்டிருக்கிறது.

போராட்டம் என்று ஒன்று நடந்தால், அப்போ அது வளர்ச்சித் திட்டம்தான் என்று மேலிடத்துக்கு ஒரு நம்பிக்கை. சாலைக்கு உடனே அனுமதி கிடைத்தது. ஆமைக் குழியை அகற்றும் வேலை, சாலை வேலையோடு சேர்த்துப் பின்னர் பார்த்துக்கொள்ளப்படும் என்று இன்னொரு தபாலும் வந்தது. அந்தப் 'பின்னர்' என்ற வார்த்தையை ஆதிலிங்கத்தை நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

புரட்டாசியில் காண்ட்ராக்டர் வந்தார். அவர் ஒரு பெருச்சாளி. வெள்ளை வேட்டி, இரண்டு செல்போன். வந்ததும் சரிவைப் பார்த்து, "நடுவுலேருந்து ஆரம்பிச்சிரலாம்" என்று கடப்பாரையைத் தூக்கச் சொன்னார். கடப்பாரை தொட இருந்தது முட்டைக் குழியை. வெயிலுகந்தாள் குறுக்கே போய் நின்றாள்.

"ஐயா, ஒரு சொல்லு. நடுவுல தோண்டினா யாருக்குத் தெரியும்? ரெண்டு முனையிலயும் தோண்டுங்க. மெயின்ரோட்டுல போறவரவங்க எல்லாம், 'ஆகா, வேலை நடக்கு'ன்னு பேசுவாவ. போட்டோவுலயும் நல்லா விழும்."

பெருச்சாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, நீங்க இந்தத் தொழிலுக்கே வந்திருக்கணும்" என்றார், மெய்யான மரியாதையோடு.

இரண்டு முனையிலும் ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்தது. பள்ளத்துக்கு முன்னால் ஜல்லிக் குவியல், ஜல்லிக்கு முன்னால் 'சாலைப் பணி நடைபெறுகிறது' என்ற பலகை. பூமி பூஜை நடந்தது, தேங்காய் உடைந்தது, போட்டோ எடுத்தார்கள். பெருச்சாளி "இதோ வந்துவிடுகிறேன்" என்று கிளம்பிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குரங்குகள் வந்தன. 'இது பொதுவழி அல்ல' என்று எழுதினால் மதிக்காதவை, 'பணி நடைபெறுகிறது' என்றால் மட்டும் மதிக்குமா? கிஷோர் பலகையைச் சுற்றிக்கொண்டு போய், பைக்கோடு பள்ளத்தில் விழுந்தான். அத்தனை கவசத்தையும் மீறி முன்பல் ஒன்று போயிற்று. செம்மண் சிங்கங்கள் வேறொரு தேரியைத் தேடிப் போய்விட்டன. அங்கேயும் ஓர் ஆமை இருந்திருக்கலாம். அது அந்த ஆமை பாடு.

ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்தது. மண் இளகி, சரிவில் ஒரு சின்னத் தலை தெரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு. வெயிலுகந்தாள் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, நிழலுக்குத் தள்ளிவிட்டாள். ஐந்தாவதுக்குக் கார்த்திகை வரைக்கும் காத்திருந்தாள். அப்புறம் அவளே தோண்டினாள். முட்டை தட்டையாக இருந்தது. சக்கரத்தின் பல் அதில் பதிந்திருந்தது. மறுபடி மண்ணைத் தள்ளி மூடினாள். இந்த இடத்தில் எனக்கே சிரிக்க முடியவில்லை, நீங்களும் சிரிக்க வேண்டாம்.

மூன்று வருஷம் போயிற்று. பள்ளம் அப்படியே இருந்தது. பலகை அப்படியே இருந்தது. குஞ்சுகள் ஜல்லி மேல் ஏறி விளையாடி வளர்ந்தன. வெயிலுகந்தாள் அதே சரிவில் மறுபடி ஆறு முட்டை இட்டாள்.

அப்போதுதான் அந்த விபரீதம் நடந்தது. தேரிக்கு ஒரு நேர்மையான இன்ஜினியர் வந்தார்.

அவர் ஓர் எருது. பேர் சிவனணைந்தான். பைக் கேட்கவில்லை, ஜீப் கேட்கவில்லை, மெயின்ரோட்டிலிருந்து நடந்தே வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூணு வருசமா உங்களை இப்படிப் போட்டு வச்சிருக்காங்களேம்மா. எனக்கே வெக்கமா இருக்கு. ஒரே மாசம். முடிச்சுக் கொடுத்துட்டுத்தான் நான் இங்கேருந்து போவேன்."

"அவசரம் ஒண்ணும் இல்லய்யா" என்றாள் வெயிலுகந்தாள். "மெதுவாவே ஆகட்டும். நாங்க பழகிட்டோம்."

"உங்க பெருந்தன்மைம்மா அது" என்று எருது கும்பிட்டார். அவள் நீட்டிய நுங்கைக்கூட வாங்கவில்லை. மறுநாளே அளவுக் கயிறு வந்தது. அதற்கு மறுநாள் தார் டிரம் வந்து இறங்கியது. ரோடு ரோலர் கிளம்பிவிட்டதாகச் சேதி வந்தது.

அன்று மத்தியானமே வெயிலுகந்தாள் உடும்பின் வளைக்குப் போனாள். "தம்பி, எழுது. இந்த இன்ஜினியர் லஞ்சம் கேக்காருன்னு எழுது."

ஆதிலிங்கம் எடுத்த பேனாவைக் கீழே வைத்தான். "அக்கா, அவரு கேக்கலையே. நீங்க கொடுத்த நுங்கையே தொடலையே."

"அதைத்தானே நானும் சொல்லுதேன்? கேக்கிற ஆளா இருந்தா இந்த மனுவுக்கு என்ன அவசியம்? எழுது."

எழுதினான். அவளுடைய முதல் மனுவுக்குப் பதில் வர மாசக்கணக்கு ஆயிற்று. இந்த மனுவுக்கு மறுநாள் சாயங்காலமே உத்தரவு வந்துவிட்டது. ஆபீஸில் நிறையப் பேர் இப்படி ஒரு காகிதத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்களாம். கொக்கே நேரில் வந்து வெயிலுகந்தாளுக்குப் பொன்னாடை போர்த்தி, 'விழிப்புணர்வு உள்ள குடிமகள்' என்று பாராட்டினார். எருதுக்கு இடமாற்றம். தார் டிரம்கள் வந்த லாரியிலேயே திரும்பிப் போயின.

மறுநாள் காலையில் சிவனணைந்தான் தேரி வழியாக நடந்தே கிளம்பினார். யார் மனு போட்டது என்று அவருக்குத் தெரியாது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு குளம்பாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார். சரிவுக்கு வந்தவர் சட்டென்று நின்றார். தட்டிச் சமன் செய்திருந்த மண்ணைக் குனிந்து முகர்ந்தார்.

"அடடா, முட்டை இருக்கும் போல" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். திரும்பி, முள்ளுக்காட்டைச் சுற்றிக்கொண்டு, அரை மைல் தள்ளிப் போனார்.

வெயிலுகந்தாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற ஆதிலிங்கம் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, அவருகிட்ட முட்டை கிடக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேலையை அவரே நிறுத்தியிருப்பாரே?"

"சொன்னா கேக்கிற ஆளு ஒருத்தர் இருப்பாருன்னு நான் எங்கடா கண்டேன்?" என்றாள்.

தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே நீட்டினாள். காற்றில் 'சாலைப் பணி நடைபெறுகிறது' பலகை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதை முதுகால் முட்டி நேராக நிறுத்திவிட்டு, முட்டைகளைப் பார்க்கப் போனாள்.

நீதி: ஒரு வழியை அடைக்க விரும்புகிறவர், அந்த வழிக்குச் சாலை கேட்டு மனு கொடுக்க வேண்டும். அதைப் போட்டு முடிக்கக்கூடிய யோக்கியர் எவராவது வந்து சேர்ந்தால், காலம் தாழ்த்தாமல் அவர் மேல் இன்னொரு மனு கொடுக்க வேண்டும்.